புல்லுக்குள் ஒளித்த பை

காலை ஆறு மணி இருக்கும். செனகல் நாட்டின் தெற்கே, காசமான்ஸ் ஆற்றை ஒட்டிய பம்பாலி கிராமத்தில் ஒரு பையன் சத்தமில்லாமல் எழுந்தான். பல்லை மட்டும் தேய்த்தான், குளிக்கவில்லை. முந்தைய இரவே தன் பையை வீட்டுக்கு முன்னால் வளர்ந்து நின்ற உயரமான புல்லுக்குள் ஒளித்து வைத்திருந்தான். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினான். அம்மாவுக்குத் தெரியாது. அப்பா இறந்த பிறகு வளர்த்த மாமாவுக்கும் தெரியாது. விஷயம் தெரிந்தது ஒரே ஒரு நண்பனுக்குத்தான். நெடுந்தூரம் நடந்து போய், வேறொருவரிடம் கைமாற்றாகப் பணம் வாங்கி, தலைநகர் டக்காருக்கு வண்டி ஏறினான்.

அவனுக்கு அப்போது பதினைந்து, பதினாறு வயது. திருடவில்லை, அடி வாங்கவில்லை, பள்ளியில் தோற்று ஓடவுமில்லை. பெரிய கால்பந்தாட்டம் நடக்கும் இடத்துக்குப் போக வேண்டும். அவ்வளவுதான். அந்த இடம் அவன் ஊரிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

பையனின் பெயர் சாடியோ மானே. பின்னாளில் லிவர்பூல் அணிக்காக ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்றவர், ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர் விருதை 2019இலும் 2022இலும் பெற்றவர். இந்தக் கதையை 2020இல் வெளியான தன் வாழ்க்கை ஆவணப்படத்தில் அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் இந்தக் கட்டுரை அவர் வாங்கிய கோப்பைகளைப் பற்றியது அல்ல. அந்த 400 கிலோமீட்டரைப் பற்றியது. ஒரு கிராமத்துக் குழந்தைக்கும் அது கொண்டாடும் நாயகர்களுக்கும் இடையே இருக்கும் தூரத்தை யார் உண்டாக்கினார்கள், அதைக் கடக்க அந்தக் குழந்தைகள் என்ன விலை கொடுத்தார்கள், அதை யார் குறைத்தார்கள் என்பதைப் பற்றியது.

ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல்

2002 மே 31, வெள்ளிக்கிழமை. தென்கொரியாவின் சியோல் நகரில் இரவு எட்டரை மணிக்கு உலகக் கோப்பையின் முதல் ஆட்டம் தொடங்கியபோது செனகலில் முற்பகல் பதினொன்றரை. ஒரு பக்கம் நடப்பு உலக சாம்பியன் பிரான்ஸ். இன்னொரு பக்கம், உலகக் கோப்பையில் முதன்முறையாகக் கால் வைத்த செனகல். 1960 வரை செனகலை ஆண்ட நாடு பிரான்ஸ். அன்று களமிறங்கிய செனகல் வீரர்கள் பதினொரு பேரும் பிரெஞ்சு கிளப்களில் ஆடிப் பிழைத்தவர்கள். முதலாளி வீட்டுக் களத்தில் பழகியவர்கள் முதலாளிக்கு எதிராக நின்ற நாள் அது.

30ஆவது நிமிடம். இடது ஓரமாகப் பந்தை ஓட்டிப் போன எல் ஹாஜி ஜூஃப் அதைக் குறுக்கே தள்ளினார். பிரெஞ்சுத் தடுப்பாட்டக்காரர்களும் கோல்கீப்பரும் தடுமாறி விழ, பாப்பா பூபா ஜோப் பந்தை வலைக்குள் தள்ளிவிட்டார். கொடிக்கம்பத்தருகே ஓடி, ஜெர்சியைக் கழற்றித் தரையில் விரித்தார். அதைச் சுற்றி அணியே ஆடியது. ஆட்டம் 1-0 என்று முடிந்தது. செனகல் முழுக்க வேலை நின்றுபோனது, ஜனங்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். அந்த அணி காலிறுதி வரை போனது.

அப்போது சாடியோ மானேவுக்குப் பத்து வயது. அந்த அணிதான் தன்னைக் கால்பந்துக்கு இழுத்தது என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

ஆப்பிரிக்கக் கிராமத்தில் உலகக் கோப்பை பார்ப்பது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். மின்சாரம் வராத ஊர்களில் டீசல் ஜெனரேட்டரோ கார் பேட்டரியோதான் தொலைக்காட்சிக்கு உயிர். ஊரில் ஒன்றிரண்டு வீடுகளில்தான் பெட்டி இருக்கும். பெட்டியை முற்றத்துக்குத் தூக்கி வந்து வைப்பார்கள். பெரியவர்களுக்கு நாற்காலி, சின்னப் பிள்ளைகளுக்குப் பாய், மிச்சப்பேர் சுவர் மேலும் மரக்கிளையிலும். பல கண்களுக்கு ஒரு திரை. அந்தத் திரையில் நகரும் மனிதன் தன் மொழி பேசுபவன், தன் நிறத்தவன், தன் நாட்டுக் கொடியை மார்பில் குத்தியிருப்பவன். ஆனால் அவன் வாழ்வது கடலுக்கு அப்பால். ஐரோப்பாவின் ஏதோ ஒரு பிள்ளை அவனை வாராவாரம் நேரில் பார்க்கிறது. அவன் பிறந்த நாட்டுக் கிராமத்துப் பிள்ளை அவனைக் கண்ணாடிக்குள்தான் பார்க்க முடியும்.

அந்தக் கண்ணாடியைத் தாண்டிப் போகத்தான் பம்பாலிப் பையன் பையை எடுத்தான்.

நடுவில் குறுக்கிட்ட நாடு

செனகலின் வரைபடத்தைப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். நாட்டின் வயிற்றுக்குள் விரலை நுழைத்ததுபோல் காம்பியா என்ற இன்னொரு நாடு நீண்டு கிடக்கிறது. காம்பியா ஆற்றின் இரு கரைகளையும் ஆங்கிலேயர் வைத்துக்கொண்டார்கள், சுற்றியிருந்த நிலத்தைப் பிரெஞ்சுக்காரர் எடுத்துக்கொண்டார்கள். ஐம்பது கிலோமீட்டர்கூட அகலமில்லாத அந்த நிலத்துண்டு செனகலை இரண்டாகப் பிளந்துவிட்டது. வடக்கே டக்கார். தெற்கே காசமான்ஸ்.

காசமான்ஸ் பசுமையான பூமி. நெல் விளையும், நிலக்கடலை விளையும், முந்திரி விளையும். இருந்தும் தலைநகருக்கு அது எப்போதும் தூரத்து உறவு. அந்த மனக்கசப்பு 1982இல் பிரிவினைப் போராட்டமாக வெடித்து, பல ஆண்டுகள் துப்பாக்கிச் சத்தமும் கண்ணிவெடிப் பயமுமாக நீண்டது. டக்காருக்கு நேர்வழியில் போக வேண்டுமென்றால் காம்பியாவுக்குள் நுழைந்து, ஆற்றங்கரையில் படகுக்காகக் காத்திருந்து, மறுபடி செனகலுக்குள் வர வேண்டியிருந்தது. சொந்த நாட்டின் தலைநகருக்குப் போக இரண்டு எல்லைச் சாவடிகள். அங்கே ஏழு பேர் ஏறும் பழைய பியூஜோ கார்களை ‘செத் பிளாஸ்’ என்பார்கள், ‘ஏழு இருக்கை’ என்று பொருள். அவையும் லாரிகளும் கரையில் மணிக்கணக்கில் நின்றன. சரக்கு லாரிகள் நாள்கணக்கில்கூடக் கிடந்ததுண்டு. காம்பியா ஆற்றின் மேல் பாலம் திறக்கப்பட்டது 2019 ஜனவரியில்தான்.

சாலைக்குப் பயந்தவர்களுக்குக் கடல்வழி இருந்தது. காசமான்ஸின் பெரிய நகரமான ஜிகின்ஷோரிலிருந்து டக்காருக்கு ‘லெ ஜோலா’ என்ற அரசுக் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. உலகக் கோப்பைக் கொண்டாட்டம் நடந்த அதே 2002. செப்டம்பர் 26. பள்ளிகளும் கல்லூரிகளும் திறக்கும் காலம். படிக்கப் போகும் பிள்ளைகள், சந்தைக்குப் போகும் பெண்கள் என்று எல்லோரும் ஏறினார்கள். சுமார் 580 பேருக்கான கப்பலில் ஏறக்குறைய 2,000 பேர். அன்றிரவு காம்பியாவின் கரைக்கு அப்பால், புயல்மழையில் கப்பல் சில நிமிடங்களில் கவிழ்ந்தது. அரசுக் கணக்குப்படி இறந்தவர்கள் 1,863 பேர். பிழைத்தவர்கள் 64 பேர். டைட்டானிக்கில் இறந்தவர்களைவிட இது அதிகம். இருந்தும் உலகத்தில் எத்தனை பேருக்கு ஜோலா என்ற பெயர் தெரியும்?

அந்த அணியின் கேப்டனுக்குத் தெரியும். சியோலில் பிரான்ஸைத் தோற்கடித்த அணியின் தலைவர் அலியு சிஸ்ஸே. ஜிகின்ஷோரில் பிறந்தவர். கப்பல் கவிழ்ந்தபோது இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் சிட்டி கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தார். அந்தக் கப்பலில் அவர் குடும்பத்தினர் பதினொரு பேர் போய்விட்டார்கள். நான்கு மாதங்களுக்கு முன் நாடே தோளில் தூக்கிய மனிதர், நாட்டின் ஒழுங்கற்ற ஒரு போக்குவரத்துக்குத் தன் வீட்டாரைப் பறிகொடுத்தார்.

நாயகனின் வீட்டாரும் ரசிகனின் வீட்டாரும் ஒரே வழியில் போக வேண்டியவர்கள். கோல் அடித்து வந்த பெருமை அந்த வழியைச் சீர்செய்யவில்லை. டக்கார் என்று சொல்லும்போது காசமான்ஸ் தாய்மார்களின் வயிற்றில் ஒரு கலக்கம் எழுந்திருந்தால் அதைப் புரிந்துகொள்ளலாம். அப்படியொரு காலத்துக்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான் பம்பாலியின் பையன் புல்லுக்குள் பையை ஒளித்தான்.

கிழிந்த ஷூ

டக்காரில் அவனுக்குச் சொந்தக்காரர் யாருமில்லை. முன்பின் அறியாத ஒரு குடும்பம் தங்க இடம் கொடுத்தது. செனகல் மக்கள் பெருமையோடு சொல்லும் ஒரு சொல் உண்டு: ‘தெராங்கா’. வந்தவருக்கு வாசல் திறப்பது, இருப்பதைப் பகிர்வது. நாட்டுக் கால்பந்து அணிக்கே ‘தெராங்காவின் சிங்கங்கள்’ என்றுதான் பெயர். அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் ஊரைவிட்டு ஓடிவந்த பையன் பேருந்து நிலையத்தில்தான் படுத்திருப்பான்.

ஊரில் வீட்டார் தேடினார்கள். விஷயம் தெரிந்த நண்பனைப் பிடித்து உலுக்க, அவன் சொல்லிவிட்டான். ஆட்கள் வந்து பையனைத் திரும்ப அழைத்துப் போனார்கள். அவன் அப்பா ஊர்ப் பள்ளிவாசலின் இமாமாக இருந்தவர். பந்தோடு அலைவதை மதிக்கும் குடும்பம் அல்ல அது. ஆனால் ஓடிப்போன பிறகு அவர்களுக்கும் ஒன்று விளங்கியது, இவனைக் கட்டிப்போட முடியாது. இன்னும் ஒரு வருடம் பள்ளிக்கூடம், அதன் பிறகு உன் வழி என்று ஒப்பந்தம் ஆயிற்று. பையன் வாக்கைக் காப்பாற்றினான். ஊராரும் வீட்டாரும் கைக்கு முடிந்ததைச் சேர்த்துக் கொடுத்து இரண்டாவது முறை அவனை வாசல் வழியாகவே அனுப்பினார்கள்.

டக்காரில் ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்த ஒரு மைதானத்தில் நடந்ததை மானே மறக்கவே இல்லை. வயதான ஒருவர் அவன் காலைப் பார்த்தார். கிழிந்து தைத்த பழைய ஷூ. இடுப்பைப் பார்த்தார். கால்பந்துக்கான அரைக்கால் சட்டைகூட இல்லை. இதைப் போட்டுக்கொண்டா ஆட வந்தாய் என்று கேட்டார். என்னிடம் இருப்பதில் நல்லதைத்தான் போட்டு வந்திருக்கிறேன் என்பதுதான் பையனின் பதில். ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் அந்தப் பெரியவரின் முகம் மாறிவிட்டது. அவனை அப்போதே எடுத்துக்கொண்டார்.

‘ஜெனரேஷன் ஃபூட்’ என்ற பயிற்சிக்கூடம் அவனைச் சேர்த்துக்கொண்டது. பிரான்ஸின் மெட்ஸ் கிளப்புடன் அதற்கு ஒப்பந்தம் உண்டு. அந்த வழியாக 2011இல் பிரான்ஸ் போனான். போன பிறகுதான் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னான். அந்தத் தாய் நம்பவில்லை. மகன் டக்காரில் எங்கோ இருந்துகொண்டு ஐரோப்பா என்கிறான் என்று நினைத்து, நாள்தோறும் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் தொலைக்காட்சியில் மகனைப் பார்த்தபோதுதான் நம்பினார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நாயகர்களைப் பார்த்த பையன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். இனி அவனை ‘அவர்’ என்றுதான் சொல்ல வேண்டும்.

பார்சா, இல்லையேல் பர்ஸக்

இந்தக் கதை இங்கேயே முடிந்தால் இனிப்பாக இருக்கும். ஆனால் அப்படி முடிப்பது பொய் சொல்வதாகும். பையை ஒளித்த பிள்ளைகள் எல்லோரும் மானே ஆகவில்லை.

2006. செனகல் கடற்கரைகளில் இளைஞர்கள் ஒரு வாசகத்தைச் சொல்லிக்கொண்டு படகேறினார்கள்: ‘பார்சா வாலா பர்ஸக்’. பார்சா என்றால் பார்சிலோனா. அவர்கள் ஜெர்சியாகப் போட்டுத் திரிந்த கிளப்பின் ஊர். பர்ஸக் என்றால் இறப்புக்கும் இறுதித் தீர்ப்புக்கும் நடுவே ஆன்மா தங்கும் நிலை. தமிழ் முஸ்லிம்களுக்கும் பழக்கமான அரபுச் சொல் இது. பார்சிலோனா, இல்லையேல் மறுமை. ஒரு தலைமுறையின் ஆசையும் விரக்தியும் மூன்றே சொற்களில் அடங்கிவிட்டன.

அவர்கள் ஏறியவை ‘பிரோக்’ எனப்படும் மீன்பிடி மரப்படகுகள். கரையோரம் மீன் பிடிக்கச் செய்தவை. அவற்றில் அட்லாண்டிக்கில் சுமார் 1,500 கிலோமீட்டர் போனால் ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகள். 2006இல் மட்டும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து 31,000க்கும் மேற்பட்டோர் அந்தத் தீவுகளில் இறங்கினார்கள். 2024இல் அந்த எண்ணிக்கை 46,000ஐத் தாண்டியது. இவை போய்ச் சேர்ந்தவர்களின் கணக்கு. சேராதவர்களின் கணக்கைக் கடல் யாரிடமும் ஒப்படைப்பதில்லை.

அப்படிச் சேராமல் போன ஒருத்தியின் பெயரை மட்டும் இங்கே சொல்கிறேன். ஃபாத்திம் ஜாவாரா. காம்பியா நாட்டுப் பெண்கள் அணியின் கோல்கீப்பர். 2012இல் அஜர்பைஜானில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்குப் போன அணியில் இருந்தவர். நாட்டின் சட்டையைப் போட்டு உலகக் கோப்பையைப் பார்த்தவர். அவருக்கே தன் மண்ணில் கால்பந்தை வைத்துப் பிழைக்க வழியில்லை. 2016இல் லிபியாவிலிருந்து கிளம்பிய படகு மத்தியதரைக் கடலில் மூழ்கியபோது இறந்தார். பத்தொன்பது வயது.

கடலைவிட மெல்ல மூழ்கடிப்பவர்களும் உண்டு. ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு கிராமத்துக்கு வருவார்கள். பையன் திறமைசாலி, பிரான்ஸில் கிளப் பேசி வைத்திருக்கிறேன், பயணச் செலவுக்கு மட்டும் பணம் கொடுங்கள் என்பார்கள். குடும்பம் மாட்டை விற்கும், நிலத்தை அடகு வைக்கும். பையனை விமானத்தில் ஏற்றி, ஏதாவது ஒரு ஐரோப்பிய நகரத்தில் ஒரு விடுதி அறையில் விட்டுவிட்டு மறைந்துபோவார்கள். வெறுங்கையோடு ஊர் திரும்ப வெட்கம். அம்மாவிடம் உண்மை சொல்ல வெட்கம். அந்த வெட்கமே அவனை அந்நிய ஊரின் தெருவில் கட்டிப்போடும். இப்படி விடப்பட்ட பிள்ளைகளுக்காகவே, கேமரூன் அணியில் ஆடிய ஷான் குளோட் ம்வூமின் முயற்சியால் 2000இல் பாரிஸில் ‘ஃபூட் சோலிடேர்’ என்ற அமைப்பு தொடங்கியது. 18 வயது நிரம்பாதவரை நாடு விட்டு நாடு கிளப் மாற்றக் கூடாது என்று ஃபிஃபா 2001இல் விதி கொண்டுவந்தது. சில விலக்குகளோடு அது இன்றும் இருக்கிறது. விதி நல்லது. ஆனால் விதியை வாசிக்கத் தெரியாத கிராமத்தில்தான் போலி ஏஜென்ட் முதலில் வண்டியை நிறுத்துகிறான்.

பிள்ளையைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆடத் தெரிந்த காலுக்கு ஊரில் ஆட இடமிருந்தால், பார்க்க நாயகன் இருந்தால், பிழைக்க ஒரு வழி இருந்தால் அந்தக் கால் மரப்படகில் ஏறாது.

நாயகர்களே தேடி வந்த நாள்

இதற்கு நேர்மாறாகவும் ஒரு பயணம் நடந்திருக்கிறது. குழந்தை நாயகனைத் தேடிப் போகாமல், நாயகன் குழந்தையைத் தேடிப் போன பயணம்.

ஐவரி கோஸ்ட் நாட்டின் டிடியர் ட்ரோக்பா ஐந்து வயதில் பெற்றோரைப் பிரிந்து பிரான்ஸில் இருந்த சித்தப்பா வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். அந்தச் சித்தப்பாவும் கால்பந்து வீரர். ட்ரோக்பா பெரிய வீரராகி நின்ற நேரத்தில் அவர் நாடு இரண்டாகக் கிடந்தது. 2002 செப்டம்பரில் மூண்ட உள்நாட்டுப் போர், தெற்கை அரசின் கையிலும் வடக்கைக் கிளர்ச்சியாளர் கையிலும் விட்டிருந்தது. 2005 அக்டோபர் 8. சூடானின் ஓம்துர்மான் நகரில் 3-1 என்று வென்று ஐவரி கோஸ்ட் முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. உடைமாற்றும் அறைக்குள் கேமரா நுழைந்தது. ட்ரோக்பா மைக்கைக் கையில் வாங்கி, சக வீரர்களோடு மண்டியிட்டு, ஆயுதங்களைக் கீழே வையுங்கள் என்று நாட்டு மக்களிடம் மன்றாடினார். வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று எல்லாப் பகுதிப் பிள்ளைகளும் அந்த அறையில் சேர்ந்து மண்டியிட்டார்கள்.

2007 மார்ச்சில் இரு தரப்பும் சமாதான உடன்பாட்டில் கையெழுத்திட்டன. அதே ஆண்டு ஜூன் 3ஆம் தேதி, மடகாஸ்கருக்கு எதிரான ஆட்டத்தைக் கிளர்ச்சியாளர்களின் தலைநகராக இருந்த புவாக்கே நகரில் நடத்தினார்கள். ட்ரோக்பா கேட்டுக்கொண்டது அது. ஐந்து ஆண்டுகளாகத் துப்பாக்கியை மட்டும் பார்த்த ஊருக்கு நாட்டு அணி வந்து இறங்கியது. மைதானம் நிரம்பி வழிந்தது. ஆட்டம் 5-0. ஐந்தாவது கோல் ட்ரோக்பாவுடையது.

ஒரு கால்பந்தாட்டம் போரை முடித்துவிட்டது என்று சொல்லமாட்டேன். 2010 தேர்தலுக்குப் பின் அந்த நாட்டில் மறுபடியும் ரத்தம் சிந்தியது. ஆனால் அன்று புவாக்கே மைதானத்தில் அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்த குழந்தைக்கு ஒன்று மட்டும் புரிந்திருக்கும்: நானும் இந்த நாட்டைச் சேர்ந்தவன்தான், என்னைத் தேடியும் இவர்கள் வருவார்கள். எந்த அரசு உரையும் கொடுக்க முடியாத உறுதி அது.

இருபது ஆண்டுக் கடன்

மறுபடி அலியு சிஸ்ஸேயிடம் வருவோம். 2002 பிப்ரவரியில், உலகக் கோப்பைக்கு முன்பே, ஆப்பிரிக்க நாடுகள் கோப்பையின் இறுதி ஆட்டம் மாலி நாட்டின் பமாக்கோவில் நடந்தது. கேமரூனுக்கு எதிராகப் பெனால்டி ஷூட் அவுட்டில் செனகல் தோற்றது. கடைசிப் பெனால்டியைக் கோலாக்கத் தவறியவர் கேப்டன் சிஸ்ஸே. அந்தப் பழி அவர் மனதில் தங்கிவிட்டது. 2015இல் நாட்டு அணியின் பயிற்சியாளரானார். 2019இல் இறுதிக்குக் கொண்டுபோனார். அல்ஜீரியாவிடம் 0-1 என்று மறுபடியும் தோல்வி.

2022 பிப்ரவரி 6. கேமரூனின் யாவுண்டே நகரில், எகிப்துக்கு எதிராக இன்னொரு இறுதி ஆட்டம். ஏழாவது நிமிடத்திலேயே செனகலுக்குப் பெனால்டி. அடிக்கப் போனவர் மானே. எகிப்து கோல்கீப்பர் தடுத்துவிட்டார். பயிற்சியாளருக்கு நேர்ந்தது சீடனுக்கும் நேர்ந்தது. கூடுதல் நேரம் முடிந்தும் கோல் இல்லை. பெனால்டி ஷூட் அவுட். வெற்றியைத் தீர்மானிக்கும் கடைசிப் பந்து மறுபடி மானேவின் காலுக்கு வந்தது. ஒருமுறை தவறவிட்டவர் மறுமுறை முன்வருவது எளிதல்ல. அவர் வந்தார். அடித்தார். 4-2. செனகலின் முதல் ஆப்பிரிக்கக் கோப்பை.

ஜிகின்ஷோரில் பிறந்தவர் பயிற்சியாளர். பம்பாலியில் பிறந்தவர் நட்சத்திரம். இருவரும் காசமான்ஸ் பிள்ளைகள். தலைநகருக்குத் தூரத்து உறவாக இருந்த மண், தலைநகரின் தெருக்களுக்குக் கோப்பையைக் கொண்டுவந்தது. அதே மாதம் டக்காரை அடுத்த ஜியாம்னியாஜோவில் 50,000 பேர் உட்காரும் புதிய மைதானம் திறக்கப்பட்டது. மார்ச் 29ஆம் தேதி அங்கேயே எகிப்தை மறுபடியும் பெனால்டியில் வென்று செனகல் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அன்றும் வெற்றிப் பந்து மானேவுடையது. கண்ணாடிக்குள் பார்த்துப் பழகிய கண்கள் அதை நேரில் பார்த்தன.

சேற்று மைதானம்

மானேவுக்கு ஏழு வயதாக இருந்தபோது அவர் அப்பா இறந்தார். வயிற்று நோய். ஊரில் மருத்துவமனை இல்லை. வேறு ஊருக்குக் கொண்டுபோய் நாட்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. விளையாடிக்கொண்டிருந்த பையனிடம் உறவுக்காரப் பையன் ஓடிவந்து, உன் அப்பா போய்விட்டார் என்று சொன்னான். தங்கை பிறந்ததும் வீட்டில்தான், அதே காரணத்தால்.

அந்தப் பம்பாலியில் இன்று மருத்துவமனை இருக்கிறது. சுமார் ஐந்து லட்சம் யூரோ செலவில் மானே கட்டிக்கொடுத்தது. 2021 ஜூனில் திறந்தார்கள். சுற்றிலும் 34 கிராமங்களுக்கு அதுதான் ஆதாரம். கட்டடம் மட்டும் போதாது என்று அவருக்குத் தெரியும். அதனால் அந்த மாதமே நாட்டின் அதிபரைச் சந்தித்து, மருத்துவர்களும் ஊழியர்களும் வேண்டும் என்று கேட்டார். அதற்கு முன்பே ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டினார். 2018இல் லிவர்பூல் சாம்பியன்ஸ் லீக் இறுதிக்குப் போனபோது, இரண்டாயிரம் பேர் வாழும் தன் ஊருக்கு 300 ஜெர்சிகளை அனுப்பினார். தன் ஆட்டத்தைப் பார்க்க உட்காரும் ஊர், தன் சட்டையோடு உட்காரட்டும் என்று.

ஆனால் இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது வேறொரு காட்சி. 2022 ஜூன். ஆப்பிரிக்கக் கோப்பையை வென்று நான்கு மாதம் ஆகியிருந்தது. மழை பெய்து சேறாகிக் கிடந்த பம்பாலி மைதானத்தில் மானே ஆடிக்கொண்டிருந்தார். அவரோடு ஆட வந்திருந்தவர்களில் ஒருவர் எல் ஹாஜி ஜூஃப். ஆமாம், 2002இல் சியோலில் இடது ஓரமாக ஓடி அந்தப் பந்தைத் தள்ளிய அதே ஜூஃப். கோட்டுக்கு வெளியே ஊரே திரண்டு நின்றது. செனகலில் மழைக்காலத்தை ‘நவெத்’ என்பார்கள். பள்ளி விடுமுறையும் மழையும் சேர்ந்த அந்த மாதங்களில் ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு நடக்கும் பந்தயங்களுக்கு ‘நவெத்தான்’ என்றே பெயர். அந்த மண்ணின் கால்பந்து சேற்றில்தான் வேர் விடுகிறது. உலகம் பணம் கொட்டிப் பார்க்கும் கால்கள் அன்று அந்தச் சேற்றில் வழுக்கிக்கொண்டிருந்தன.

பத்து வயதில் தொலைக்காட்சியில் பார்த்த நாயகனை, முப்பது வயதில் தன் ஊர் மைதானத்துக்கே மானே அழைத்து வந்துவிட்டார். அன்று கோட்டோரம் நின்ற பிள்ளைகளில் எவனும் பையைப் புல்லுக்குள் ஒளிக்க வேண்டியிருக்கவில்லை. செத் பிளாஸ் வண்டிக்குக் கைமாற்று வாங்க வேண்டியிருக்கவில்லை. வீட்டிலிருந்து மைதானம் வரை நடந்தால் போதும்.

அதற்காக எல்லாப் பாரத்தையும் ஒரு மானேவின் தோளில் வைத்துவிட்டு நாம் கைதட்டிக்கொண்டிருப்பது நியாயமில்லை. மருத்துவமனை கட்டுவது கால்பந்து வீரரின் வேலை அல்ல. ஆற்றுக்குப் பாலம் போடுவதும், கப்பலில் எத்தனை பேரை ஏற்றலாம் என்று எண்ணிப் பார்ப்பதும், போலி ஏஜென்ட்டைப் பிடிப்பதும் அரசுகளின் வேலை. ஆப்பிரிக்கக் கால்களால் கோடிகளைக் குவிக்கும் ஐரோப்பிய கிளப்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு வீரர் கைமாறும்போது, 12 வயது முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்களுக்கு மாற்றுத்தொகையில் ஐந்து சதவீதம் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று ஃபிஃபா விதி இருக்கிறது. அந்தப் பணம் கடைசிக் காசு வரை அவன் முதன்முதலில் ஓடிய மண்ணுக்குப் போய்ச் சேர வேண்டும். கிராமத்தில் ஒரு மைதானம், ஒரு பயிற்சியாளர், ஒரு பள்ளிக்கூடம். ஒரு பிள்ளை மரப்படகில் ஏறாமல் இருக்க இவை போதும் என்று சொல்லமாட்டேன். இவை இல்லாமல் எதுவும் போதாது என்று சொல்வேன்.

அடுத்த முறை நீங்கள் நள்ளிரவில் விழித்திருந்து ஐரோப்பியக் கால்பந்து பார்க்கும்போது, ஆப்பிரிக்க வீரர் ஒருவர் கோல் அடித்துவிட்டுத் தரையில் நெற்றி பதித்தால், ஒரு நொடி நினைத்துப் பாருங்கள். அதே நேரத்தில் ஏதோ ஒரு முற்றத்தில், கார் பேட்டரியில் ஓடும் பெட்டிக்கு முன்னால், ஒரு குழந்தை எழுந்து நின்று குதித்துக்கொண்டிருக்கும். அந்தக் குழந்தைக்கும் அந்த வீரருக்கும் நடுவே இருக்கும் தூரம் இயற்கை வைத்ததல்ல, மனிதர் வைத்தது. மனிதரால் அதைக் குறைக்கவும் முடியும். பம்பாலியில் அது குறைந்திருக்கிறது.